முப்பது வயதுக்காரனுக்காக எடுத்த முடிவு

தம்பி,

நீ போன் செய்தபோது நான் பூன் லேயில் ஒரு வீவக அடுக்குமாடி புளோக்கின் உச்சியில், மின்தூக்கியின் மோட்டார் அறைக்குள் இருந்தேன். கையெல்லாம் கிரீஸ். அந்த அறைக்குள் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது என்று உனக்குத் தெரியும். "அப்பா, வினிதாவுக்கு" என்றாய், அறுந்துபோனது. மறுபடியும் வந்து "டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாய், மறுபடியும் அறுந்தது. அந்த இரண்டு சொல்லைக் கேட்டாலே கெட்ட செய்தி என்றுதான் எனக்குத் தோன்றும், பத்து வருடமாக அப்படித்தான். கையில் இருந்த டார்ச்சை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, ஓடி மொட்டைமாடிக்கு வந்து உன்னை நானே அழைத்தேன். "நீங்க தாத்தா ஆகப் போறீங்கப்பா" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "சரி, சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. என்னோடு வேலை பார்க்கும் அஸ்மி, ஏதோ விபத்து என்று நினைத்து ஓடிவந்தான். அவனைக் கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்துவிட்டேன். அவனுடைய சட்டையில் என் பத்து விரலும் பதிந்துவிட்டது, துவைத்தாலும் போகாது. அவன் கோபப்படவில்லை. அன்று மதியம் முழுக்க, மின்தூக்கிக்குள் ஏறி இறங்கிய எல்லோரையும் பார்த்து நான் இளித்துக்கொண்டிருந்ததாக அவன் உன் அம்மாவிடம் புகார் சொன்னான்.

இப்போது மாதங்கள் ஓடிவிட்டன, ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஊருக்கே சொல்லலாம் என்று உன் அம்மாவும் அனுமதி கொடுத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் நீதான். இளம் வயதில் புற்றுநோய் வந்தவர்களின் பெற்றோர் சனிக்கிழமைதோறும் கூடுகிறோமே, அந்த அறையில் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது, தமிழில் ஒரு அப்பா எழுதியது ஒன்றுகூட இல்லை என்றாய். எனக்கு எழுதுவதுபோல எழுதுங்கள், பெயர் போடவேண்டாம் என்றாய். எல்லாவற்றையும் எழுதலாமா என்று கேட்டேன், அந்த மருத்துவமனை விஷயத்தையும் சேர்த்து. "எழுதுங்கப்பா. நாம கூச்சப்பட்டா யாருக்குப் பிரயோஜனம்" என்றாய். இதோ, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சில சொற்களை எழுதும்போது உன் அம்மா பக்கத்தில் வந்தால் கையால் மறைக்கிறேன். அது என் வயதுக்காரர்களின் பழக்கம், சீக்கிரம் போகாது.

உனக்கு அப்போது இருபது வயது. ராணுவத்தில் தேசிய சேவை முடிய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. வார இறுதியில் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வருவாய், சாப்பிடுவாய், தூங்குவாய், போய்விடுவாய். கழுத்தில் ஒரு கட்டி இருந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. முதுகுப்பையின் பட்டை அழுத்தி வந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டாயாம். உடம்பு அரிக்கிறது என்றாய், முகாமில் கொசு என்று நானே சொன்னேன். தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருந்தது, இந்த ஊர் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது என்றோம். இருபது வயதுப் பையனுக்குப் பெரிய வியாதி வரும் என்று யார் நினைப்பார்கள்? முகாம் டாக்டர்தான் கழுத்தைத் தொட்டுப் பார்த்து அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். லிம்ஃபோமா என்றார்கள். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்று எனக்கு விளங்கவே இரண்டு நாள் ஆனது.

அந்த டாக்டரின் அறை நினைவிருக்கிறதா? நாம் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டாக்டர் என்னைப் பார்த்துப் பேசவே இல்லை, உன்னைப் பார்த்துத்தான் பேசினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் உன்னிடம் ஒன்று கேட்டால் நான் பதில் சொன்னேன். நன்றாகச் சாப்பிடுவான், சின்ன வயதிலிருந்து ஒரு வியாதியும் கிடையாது, ஓட்டத்தில் மெடல் வாங்கியிருக்கிறான் என்றெல்லாம், ஏதோ பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனதுபோல அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே கேள்வியைத் திரும்பவும் உன்னிடம் கேட்டார். அப்போது நீ நிமிர்ந்து உட்கார்ந்து, இது குணமாகுமா என்று நேராகக் கேட்டாய். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவு வந்திருக்காது. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நோய் பரவியிருப்பதால் கொடுக்கப்போகும் மருந்து கடுமையானது, சீக்கிரம் தொடங்கவேண்டும் என்றார். நீ தலையாட்டினாய். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் அப்புறம் சிவந்திருந்தது.

உன்னைப் பெரியவர்கள் வார்டில் போட்டார்கள். குழந்தைகள் வார்டுக்கு நீ பெரியவன், இந்த வார்டுக்கோ நீ குழந்தை. உன் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் எழுபது வயதுக்காரர்கள். அவர்களில் திரு டான் என்பவர் தனக்குக் கொடுத்த ஜெல்லியை எல்லாம் உன் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பேச்சே கிடையாது. அவருக்கு நீ பேரன் மாதிரி. ஆனால் உன்னோடு பேச, உன் வயதில் ஒருவர்கூட அங்கே இல்லை. நண்பர்கள் போனில் கேட்டால் சும்மா காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அதை நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீமோ தொடங்குவதற்கு முந்தின நாள்தான் தாதி ஹுய் லிங் வந்தார். கண்ணாடி போட்ட, கொஞ்சம் வேகமாகப் பேசும் பெண். உன் சிகிச்சையை ஒருங்கிணைப்பவர் அவர்தான். வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, கீழே போய்க் கோப்பி குடித்துவிட்டு வாருங்கள், உங்கள் மகனோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். உன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாமல் என்ன பேச்சு என்று மின்தூக்கியில் இறங்கும்வரை முணுமுணுத்தாள். திரும்பி வந்தபோது உன் முகம் சிவந்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஏதோ கெட்ட செய்தி, எங்களிடம் சொல்ல முடியாமல் உன்னிடம் சொல்லிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"நாளைக்குக் கீமோ இல்லப்பா. ரெண்டு நாள் தள்ளலாமான்னு கேக்குறாங்க."

ஏன் என்று கேட்டேன். சும்மா ஒரு டெஸ்ட் என்றாய். அவ்வளவுதான், நான் நேரே தாதிகள் உட்காரும் இடத்துக்குப் போய்விட்டேன். சீக்கிரம் தொடங்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது நீங்கள் எப்படித் தள்ளுவீர்கள் என்று குரலை உயர்த்திக் கேட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஹுய் லிங் என்னை உன் கட்டிலுக்கு அழைத்து வந்து, அப்பாவிடம் சொல்லலாமா என்று உன்னிடம் அனுமதி கேட்டார். நீ தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாய். அவர் எனக்குச் சொன்னார். இந்த மருந்து நோயை அழிக்கும், ஆனால் பின்னாளில் குழந்தை பிறக்காமலும் செய்துவிடலாம். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்றில்லை, யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் மருந்து தொடங்கும் முன்னே விந்தணுவைச் சேமித்து உறையவைக்கலாம். இரண்டு நாள் தாமதத்தால் உங்கள் மகனுக்கு ஆபத்து இல்லை என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மருந்து உள்ளே போனபிறகு இந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்காது. இவ்வளவையும் அவர் ஆங்கிலத்தில், மழை வருமா வராதா என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதை நான் தமிழில் உன் அம்மாவிடம் சொல்லவேண்டியிருந்தது.

படிக்கட்டுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். பின்னாடி குழந்தை பிறப்பதற்காக எடுத்து வைக்கவேண்டுமாம் என்றேன். "என்னத்த எடுத்து வெக்கணும்?" என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குப் புரிந்தது. உடனே கண் நிறைந்துவிட்டது. "முதல்ல என் புள்ளையக் காப்பாத்தச் சொல்லுங்க. பேரப்புள்ளையை இப்ப யாரு கேட்டா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே நினைப்புதான். திரும்பி வந்தால் நீயும், "வேணாம்பா, விடுங்க, நாளைக்கே தொடங்கச் சொல்லுங்க" என்றாய். ஆக நாம் மூன்று பேருமே வேண்டாம் என்றுதான் சொன்னோம். மூன்று பேருக்கும் காரணம் வேறு வேறு. அம்மாவுக்குப் பயம், உனக்கு வெட்கம், எனக்கு இரண்டும்.

ஹுய் லிங் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான், ஆனால் அந்த முடிவை எடுக்கும் முன்னால் இதே வழியில் போய்வந்த ஒருவரோடு பேசுகிறாயா என்று மட்டும் உன்னைக் கேட்டார். மறுநாள் காலையிலேயே பைசல் வந்தார். ஃபேரர் பார்க் பக்கத்தில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் அவருக்கு வேலை விமான நிலையத்தில். வயது முப்பது இருக்கும், கால்பந்து ஜெர்சியோடு வந்தார். பார்த்தால் இவருக்கா புற்றுநோய் வந்தது என்று தோன்றும். நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நீ எந்த முகாம் என்றுதான் முதலில் கேட்டார். அவரும் அதே முகாமாம். இரண்டு பேரும் சேர்ந்து அந்த முகாமின் சாப்பாட்டைத் திட்ட ஆரம்பித்தீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு உன் குரலில் உயிர் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

கீழே உணவகத்தில் நீங்கள் இருவரும் ஒரு மேசையில், நான் பக்கத்து மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு. நான் நாளிதழ் படிக்கிறேன் என்று நீ நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் நமக்குச் சொல்லாததையெல்லாம் பைசல் சொன்னார். குளிக்கும்போது முடி கொத்தாகக் கையோடு வரும், அதைப் பார்ப்பதைவிட முன்னாலேயே மொட்டை அடித்துக்கொள்வது மனதுக்கு நல்லது. வாய்ப்புண் வந்தால் பேசாமல் இருக்காதே, உடனே தாதியிடம் சொல். கீமோ அன்றைக்குப் பிடித்த சாப்பாட்டைச் சாப்பிடாதே, அப்புறம் ஆயுளுக்கும் அதைக் கண்டால் குமட்டும். சில நண்பர்கள் காணாமல் போய்விடுவார்கள், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்ன பேசுவது என்று தெரியாமல் ஓடுகிறவர்கள். நீ எதிர்பார்க்காத ஒருவன் வந்து தினமும் கதவைத் தட்டுவான். இப்படி அரை மணி நேரம். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இருபது வயசுல யாருக்குடா புள்ளை வேணும்? எனக்கும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அப்ப என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. கல்யாணம் ஆச்சு, புள்ளை இல்ல, நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லியிருக்கணும் லா."

அவர் கையிலிருந்த தே தாரிக் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"முப்பது வயசுல நீ வேற ஆளு. அந்த ஆளை உனக்கு இன்னும் தெரியாது. அவனுக்கும் சேத்து முடிவெடு. அவனுக்குப் புள்ளை வேணாம்னா விட்டுடட்டும். அதை அவன் சொல்லட்டும்."

நீ எழுந்து என் மேசைக்கு வந்தாய். "போலாம்பா. நீங்க கூட வாங்க. அம்மா வேணாம்" என்றாய். தம்பி, ஒரு மகன் தன் அப்பாவை எத்தனையோ இடத்துக்குக் கூட வரச் சொல்லியிருப்பான். இப்படி ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது நீயாகத்தான் இருப்பாய். எனக்கு மாலை போட்டதுபோல இருந்தது.

அது வேறு கட்டடம். டாக்சியில் போனோம், வழியெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி நிற்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. தொழில் புத்தி, பதற்றம் வேறு, அதைப் பற்றியே பேசிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். காத்திருக்கும் அறை முழுக்கக் கணவன் மனைவிகள். ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீயும் நானும். முகப்பில் இருந்த பெண் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யாருக்கு, அங்கிளுக்கா தம்பிக்கா என்று கேட்டார். "நான் இல்ல, நான் இல்ல" என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டேன், போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டியதுபோல. நீ முகப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நிறுத்தவே முடியவில்லை உனக்கு. அந்தப் பெண்ணும் சிரித்தார், ஒரு ஜோடியும் சிரித்தது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து நீ சிரித்தது அதுதான் முதல்முறை. உன்னை உள்ளே அழைத்துப் போனார்கள். என்னால் உட்கார முடியவில்லை, போய் அந்த மின்தூக்கியின் கதவைத் திறந்து மூடிச் சோதித்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து என் அனுமதி அட்டையைக் கேட்டார். அவரிடம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது நீ வெளியே வந்து, "முடிஞ்சுதுப்பா, பசிக்குது" என்றாய்.

கீமோ அன்றுதானே பிடித்ததைச் சாப்பிடக்கூடாது, இன்றைக்குக் கீமோ இல்லையே என்று நேரே தேக்காச் சந்தைக்குப் போனோம். மீன் தலைக் கறி. அந்தக் கூட்டத்தில், அந்தச் சத்தத்தில், எதிரில் நீ விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாய். அன்று உன்னைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நோயைத் தாண்டியும் ஒரு நாள் இருக்கிறது என்று டாக்டர்கள் வாயால் சொன்னார்கள். நாமோ அந்த நாளுக்கு ஒரு இடத்தைப் பிடித்து வைத்துவிட்டே வந்துவிட்டோம். பிழைப்பானா என்ற கேள்வி என் நெஞ்சை விட்டுப் போகவில்லை, ஆனால் அதன் பக்கத்தில் பிழைத்து என்ன செய்வான் என்று இன்னொரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எவ்வளவு பெரிய மருந்து தெரியுமா?

அதற்குப் பின் வந்த மாதங்கள் சுலபமில்லை. அவற்றை நீயே பட்டாய், நான் சொல்லி உனக்குத் தெரியவேண்டியது ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக இரண்டு விஷயம் சொல்கிறேன். உட்லண்ட்ஸில் இருக்கும் உன் அத்தை, யாரோ சொன்னார்கள் என்று எல்லை தாண்டி ஜோகூர் போய் இலைச்சாறு வாங்கி பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்தாள். அவளுடைய அன்பை எப்படி மறுப்பது? ஹுய் லிங்கிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. எது கொண்டுவந்தாலும் முதலில் எனக்குக் காட்டுங்கள், சில சாறுகள் மருந்தோடு சண்டை போடும் என்றார். அதற்குப் பிறகு அத்தை சாறு கொண்டுவருவதை விட்டுவிட்டு, உனக்குப் புதுப்புதுத் தொப்பியாக வாங்கிவந்தாள். இன்னொன்று அந்தச் சனிக்கிழமைக் கூட்டம். முதல் தடவை நீ போகமாட்டேன் என்றாய். போய்விட்டு வந்த அன்றைக்கு, எம்ஆர்டி ரயிலில் ஏறியதிலிருந்து பூன் லேயில் வீடு வந்து சேரும்வரைக்கும் வாயே மூடவில்லை. அங்கே ஒரு பெண் கீமோ போட்டுக்கொண்டே பரீட்சை எழுதினாளாம், ஒரு பையனுக்கு மொட்டைத்தலையில் காதலி பூ வரைந்துவிட்டாளாம். உன் வயதுக்காரர்கள், உன் நோய், உன் கேலி. நானும் அம்மாவும் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் கொடுக்க முடியாத ஒன்று அது. பக்கத்து அறையில் பெற்றோர் கூடினோம். நம் வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத உன் அம்மா, முன்பின் தெரியாத ஒரு சீன அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட ஒழுங்காக இல்லை. வெளியே வரும்போது பத்து வயது குறைந்தவள் மாதிரி நடந்தாள்.

ஸ்கேன் சுத்தமாக வந்தது. நீ மீதிச் சேவையை முடித்தாய், படித்தாய், வேலைக்குப் போனாய், வினிதாவைப் பார்த்தாய். இரண்டாவது சந்திப்பிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னதாகச் சொன்னாய். இப்போது நன்றாக இருக்கிறாயா என்று அவள் கேட்டாளாம், இருக்கிறேன் என்றாயாம். "அப்ப தோசை ஆர்டர் பண்ணு" என்றாளாம். அதைக் கேட்டபோதே, பார்க்காமலேயே, அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். அவளுடைய அப்பா மட்டும் தயங்கினார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னைப் பார்த்து, குழந்தை விஷயம் எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். நீ பேசினாய்.

"இயற்கையா ஆகாம போகலாம் அங்கிள். டாக்டர் உதவி வேணும். அதுவும் பலிக்காம போகலாம். வினிதாவுக்கு எல்லாம் தெரியும்."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். மறைக்காமல் சொல்லும் பையன் என்று தன் மனைவியிடம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குக் கோப்பி கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளை என்று அவர் வாயில் வந்ததை அவரே கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு, நீ எச்சரித்தது மாதிரியே, சேமித்து வைத்ததைக் கொண்டு செய்த முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. ஊசிகளையெல்லாம் போட்டுக்கொண்டது அவள். ஒரு நாள் வினிதா தனியாக நம் வீட்டுக்கு வந்து, சோபாவில் படுத்து மதியம் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும் உன் அம்மா அவளுக்கு ரசஞ்சாதம் பிசைந்து கொடுத்தாள். "ஆகலன்னா ஆகல. அதுக்காக நீ எங்க புள்ளை இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். படிக்கட்டில் நின்று அன்றைக்கு என்னிடம் அழுதவள்தான் இவள். இரண்டு தடவையும் அவள் தன் பிள்ளைக்காகத்தான் பேசினாள். அதற்குப் பிறகு வந்ததுதான் நீ செய்த அந்தப் போன். பத்து வருடம் உறைந்திருந்தது, நேற்று எடுத்து வைத்ததுபோல, இப்போது காலை உதைத்துக்கொண்டு திரையில் தெரிகிறது. நீ போனில் அனுப்பிய குழந்தையின் இதயத் துடிப்பை அஸ்மிக்குப் போட்டுக் காட்டினேன், வினிதாவின் அப்பாவும் நானும் சேர்ந்து கேட்டோம், உன் அத்தை மூன்று தடவை கேட்டாள். குதிரை ஓடுவதுபோல இருக்கிறது. நான் இப்போதே நடைவண்டி விலை விசாரித்துவிட்டேன் என்று வினிதாவிடம் சொல்லாதே.

அப்பாவாகப் போகிறவனுக்கு ஏதாவது சொல்லவேண்டும் அல்லவா. என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் பிள்ளையிடம் யாராவது கேள்வி கேட்டால், நீ பதில் சொல்லாதே. அது தடுமாறும், நேரமாகும், உனக்கு நாக்கு துடிக்கும், இருந்தாலும் பொறு. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அதனிடம் சொல், கோபத்தால் மூடாதே. கூச்சமான விஷயத்தை நீயே முதலில் பேசிவிடு, அப்புறம் அதற்கு எல்லாமே எளிது. உன் உடம்பையும் பார்த்துக்கொள். வருடாவருடம் போகிற பரிசோதனையைக் குழந்தை வந்த பரபரப்பில் தள்ளிப்போடாதே. தள்ளிப்போட்டால் நான் உன் டாக்டருக்கே போன் செய்துவிடுவேன். இல்லை, செய்யமாட்டேன். ஆனால் உன் அம்மா செய்வாள்.

கடைசியாக, போன சனிக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். பெற்றோர் அறைக்கு ஒரு அம்மா புதிதாக வந்திருந்தார். சங்கரி என்று பெயர். கோயம்புத்தூர்க்காரர், கணவருக்கு இங்கே வேலை. மகளுக்கு உன்னுடைய அப்போதைய வயதுதான், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை. அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார். தயிர் கொடுக்கலாமா, காரம் ஆகுமா, வெளியே வாங்கிய இட்லி பரவாயில்லையா என்று. எல்லோரும் சொன்னார்கள். நான் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன். சிகிச்சைக்குப் பின்னால் குழந்தை பிறப்பதைப் பற்றி டாக்டர் உங்கள் மகளிடம் பேசினாரா என்று, தமிழில், நாலு பேர் முன்னால். அவர் முகம் மாறியது.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கண்ணா. புள்ளை பொழச்சு வந்தா போதும்" என்றார்.

நானும் என் மனைவியும் இதையேதான் சொன்னோம் என்றேன். பெண்பிள்ளைகளுக்கு வேறு வழி, நாள் கொஞ்சம் கூடுதலாக ஆகலாம், எல்லோருக்கும் முடியும் என்று சொல்ல முடியாது, அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், ஆனால் தொடங்கும் முன்னால் கேட்கவேண்டும் என்றேன். அவர், உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"அப்பாவாகப் போறான்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தன் கோப்பையைக் கீழே வைத்தார், கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கதவருகே போனார். முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கண்ணு, திங்கக்கிழமை டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கோணும். வெக்கப்படாம கேளு, அம்மா சொல்றேன். இல்ல சாமி, நான் கேக்கல. நீயே கேளு."

அன்புடன்,
உன் அப்பா